சியரா நெவாடா பேல் ஏலை முழு மால்ட்டில் நகலெடுப்பது: எதில் கோட்டை விடுகிறோம்?

பாலாற்று மணல் எழுதியது:

காட்பாடிதான் சொந்த ஊர், பிழைப்பு கலிஃபோர்னியாவில். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் என்று வந்தவன், ஆடி முடிகிற வரை இங்கேதான் இருப்பேன். அங்கே லீவு நாளில் வீட்டிலேயே பீர் காய்ச்சுகிற பழக்கம் உண்டு. இதுவரை செய்தது எல்லாம் டப்பாவில் வருகிற மால்ட் (முளைகட்டிக் காயவைத்த பார்லி) பாகில்தான்; அதைத் தண்ணீரில் கரைத்து கசப்புக்கும் வாசனைக்கும் ஹாப்ஸ் பூவைப் போட்டுக் கொதிக்கவிட்டால் பாதி வேலை முடிந்தது. திரும்பிப் போனதும் முழு மால்ட்டில் இறங்கலாம் என்று இருக்கிறேன், அதாவது பார்லி மால்ட்டை நானே உடைத்து, வெந்நீரில் ஊறவைத்து, சர்க்கரையை நானே இறக்குவது.

நகலெடுக்க நினைப்பது சியரா நெவாடா பேல் ஏல் என்கிற பீர். கென் கிராஸ்மனும் பால் கமுசியும் சிகோ என்கிற ஊரில் பழைய பால்பண்ணைச் சாமான்களை வாங்கிப் போட்டு 1980இல் காய்ச்ச ஆரம்பித்த கம்பெனி அது. ஆல்கஹால் 5.6 சதவீதம், கசப்பு 38 ஐபியு (பீர்க் கசப்பை அளக்கிற அலகு) என்று அவர்களே சொல்கிறார்கள். 20 லிட்டருக்கு நான் போட்ட கணக்கு: டூ ரோ பேல் மால்ட் (வெளுத்த மால்ட்) 4.4 கிலோ, நிறத்துக்கு கிரிஸ்டல் 60 மால்ட் 450 கிராம். 67 டிகிரியில் ஒரு மணி நேரம் ஊறல். ஹாப்ஸ் மூன்று ரகம்: ஒரு மணி நேரக் கொதியில் ஆரம்பத்திலேயே மேக்னம் 12 கிராம், கடைசி அரை மணிக்கு பெர்லே 14 கிராம், கடைசி 10 நிமிடத்துக்கு கேஸ்கேட் 28 கிராம், அடுப்பை அணைத்ததும் இன்னொரு 40 கிராம் கேஸ்கேட். சர்க்கரையை ஆல்கஹாலாக்குகிற ஈஸ்ட், யுஎஸ்-05 என்கிற ரகம். தண்ணீரை 1.000 என்று வைத்தால் ஆரம்ப அடர்த்தி 1.053, முடிவில் 1.011 வர வேண்டும்.

இரண்டு கேள்வி. கணக்கு சரியா? இன்னொன்று, இங்கே சும்மாதான் உட்கார்ந்திருக்கிறேன், மொட்டை மாடியில் ஒரு 5 லிட்டர் மட்டும் பழகிப் பார்க்கலாமா?

சத்துவாச்சாரி வக்கீல் எழுதியது:

இரண்டாவது கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன் தம்பி. கூடாது. 5 லிட்டரா 500 லிட்டரா என்கிற பேச்சே இல்லை. தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம், 1937, இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது, உரிமம் இல்லாமல் மது தயாரித்தால் குற்றம், நான் குடிக்கத்தான் காய்ச்சினேன் என்றாலும் அதேதான். ஊருக்கு ஊர் டாஸ்மாக் இருப்பதால் அந்தச் சட்டம் செத்துவிட்டது என்று படித்தவர்களே நினைக்கிறார்கள், கடை நடப்பதே அந்தச் சட்டத்தின் கீழ் போட்ட விதிகளின்படிதான். சேலத்தில் 1937இல் ஆரம்பித்த மதுவிலக்கு 1939இல் நம் வட ஆற்காடு ஜில்லாவுக்கும் வந்தது, பழைய கதை. 2024இல் கள்ளக்குறிச்சிச் சாவுகளுக்குப் பிறகு தண்டனைகளை இன்னும் கூட்டியிருக்கிறார்கள்.

அணைக்கட்டு மலைப் பக்கம், ஜவ்வாது மலைப் பக்கம் சாராய ஊறல் அழித்தார்கள் என்று பேப்பரில் வருகிறதல்லவா. உங்கள் மாடியில் வாளியில் நுரை கட்டி நிற்பதைப் பார்க்கிற ஏட்டுக்கு அது கேஸ்கேட் போட்டதா, வெல்லமும் வேலம்பட்டையும் போட்டதா என்கிற ஆராய்ச்சி தேவைப்படாது. அங்கே போய்ச் செய்யுங்கள்.

கணியம்பாடி எழுதியது:

வக்கீல் சொன்னதுக்கு மேலே ஒன்று. கள்ளக்குறிச்சி, மரக்காணம் எல்லாம் பார்த்த பிறகும் வீட்டில் காய்ச்சுகிறேன் என்று வருகிறீர்களே. எங்கே மெத்தனால் இறங்கும் என்று யாருக்குத் தெரியும்? படித்தவன் செய்தால் மட்டும் விஷம் ஆகாதா?

மாதனூர்க்காரன் எழுதியது:

பெங்களூரில் லைசென்ஸ் உள்ள ஒரு பப்பில் பீர் காய்ச்சுகிற வேலை பார்க்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கணியம்பாடி அண்ணாவுக்கு. அந்த இரண்டு ஊரிலும் ஆளைக் கொன்றது தொழிற்சாலைக்குப் போக வேண்டிய மெத்தனால், அதை எடுத்துச் சாராயம் என்று விற்றார்கள். பார்லி மால்ட்டை ஈஸ்ட் தின்னும்போது ஆளைக் கொல்கிற அளவுக்கு மெத்தனால் வராது, பீரில் வடிக்கிற வேலையும் கிடையாது. சட்டம் வேறு, விஷம் வேறு, இரண்டையும் குழப்ப வேண்டாம். இங்கே செய்யக் கூடாது என்பதில் நானும் வக்கீல் சார் கட்சிதான்.

மணல் தம்பி, கணக்கு நன்றாகவே இருக்கிறது. கிரிஸ்டல் மால்ட்டை மட்டும் அரைக் கிலோவுக்கு மேல் ஏற்றிவிடாதீர்கள். நிறம் பத்தவில்லை என்று கூட்டிக்கொண்டே போவார்கள், கடைசியில் கேரமல் பாகு குடிக்கிற மாதிரி ஆகிவிடும், ஹாப்ஸ் அடியில் போய்விடும். அந்த பீரில் மால்ட் கொஞ்சம் பிஸ்கட் வாசனையோடு பின்னால் நிற்கும், முன்னால் வருவது கேஸ்கேட்டின் சாத்துக்குடித் தோல் வாசனை. ஹாப்ஸில் அவர்கள் காய்ந்த பூவை முழுசாகவே போடுகிறவர்கள். உங்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் பூவை அரைத்து அழுத்திய பெல்லட், அதில் கசப்பு கொஞ்சம் அதிகமாக இறங்கும், அதனால் இந்த அளவைக் கூட்ட வேண்டாம்.

67 டிகிரி ஏன் என்று தெரிந்துகொண்டு செய்யுங்கள், தெரியாமல் செய்தால் தெர்மாமீட்டர் இரண்டு டிகிரி ஏமாற்றும்போது கைவிரிக்க வேண்டிவரும். மால்ட்டில் இரண்டு நொதி வேலை செய்கிறது. பீட்டா அமைலேஸ் 60, 65க்குள் சுறுசுறுப்பு, ஈஸ்ட் தின்னக்கூடிய சர்க்கரையாக வெட்டும். ஆல்ஃபா 70 பக்கம் சுறுசுறுப்பு, மாவுச்சத்தைக் கண்டபடி துண்டாக்கும், அதில் ஈஸ்ட் தின்ன முடியாத துண்டுகளும் நிறைய. 64இல் ஊறவைத்தால் பீர் வறண்டு தண்ணீராக இருக்கும், 70இல் வைத்தால் 1.018இல் போய் நின்றுகொண்டு இறங்க மாட்டேன் என்னும். 1.011க்கு 66, 67 சரி.

தானியம் எந்தச் சூட்டில் இருக்கிறது என்பதும் கணக்கில் சேரும். கிலோவுக்கு 3 லிட்டர் தண்ணீர் என்றால், 20 டிகிரி வீட்டில் இருக்கிற தானியத்துக்குத் தண்ணீர் 73 டிகிரிக்குக் கொஞ்சம் மேலே இருக்க வேண்டும். காட்பாடி வெயிலில் 32இல் கிடக்கிற தானியமாக இருந்தால் 72க்கும் கீழேயே போதும். பாத்திரத்தின் சூடு தனி, அதை முன்னாலேயே வெந்நீர் ஊற்றிச் சூடாக்கி வைத்துவிடுங்கள். மொத்தம் 30, 31 லிட்டர் தண்ணீர் பிடிக்கும், அதில் 5 லிட்டர் போலச் சக்கையே குடித்துவிடும். சக்கையை அலசுகிற தண்ணீர் 77 டிகிரியைத் தாண்ட வேண்டாம், உமியில் இருந்து துவர்ப்பு இறங்கும்.

இதெல்லாம் எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. இதே கணக்கை வைத்துக்கொண்டு பத்துப் பேர் காய்ச்சினால் பத்து பீரும் வேறு வேறாகத்தான் இருக்கும், ஏனென்றால் நகல் தவறுவது தானியக் கணக்கில் ரொம்பக் குறைவு. தண்ணீரில் தவறும், ஈஸ்ட் இருக்கிற சூட்டில் தவறும், பழைய ஹாப்ஸில் தவறும். இந்த மூன்றையும் கேட்காமல் கிராம் கணக்கு மட்டும் கேட்கிறவர்கள்தான் அதிகம்.

பாலாற்று மணல் எழுதியது:

அண்ணா, ரொம்ப நன்றி. வக்கீல் சார், மாடித் திட்டம் கைவிடப்பட்டது. அங்கே பிரச்சினை இல்லை, 1978இல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்துப் போட்ட சட்டத்தில் வீட்டு பீருக்கு மத்திய அரசு வரி கிடையாது, பெரியவர் ஒருவர் உள்ள வீட்டில் வருஷத்துக்கு 100 காலன், இரண்டு பேர் என்றால் 200. விற்கத்தான் கூடாது. சியரா நெவாடாவே அந்த வீட்டு பீர்க் கூட்டத்தில் இருந்து வந்ததுதான், கிராஸ்மன் சிகோவில் வீட்டு பீருக்குச் சாமான் விற்கிற கடை வைத்திருந்தவர்.

தண்ணீர் விஷயம்தான் புரியவில்லை. அங்கே என் வீட்டுக் குழாயிலும் இங்கே மாதிரியே கெட்டிலில் வெள்ளை படிகிறது. இங்கே போர் தண்ணீரில் டிடிஎஸ் மீட்டர் 1,400 காட்டுகிறது. மீட்டர் காட்டுகிற எண்ணை 100க்குக் கொண்டுவந்தால் போதுமா?

ராணிப்பேட்டை ரசாயனம் எழுதியது:

கழிவுநீர் சுத்திகரிப்பில் வேலை பார்த்தவன் என்பதால் இந்தக் கேள்வி வந்தால் சும்மா போக முடியாது. டிடிஎஸ் மீட்டர் ஒன்றும் தெரியாத மீட்டர் சார். தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு ஓடுகிறது என்று பார்த்து ஒரு எண்ணைச் சொல்லும், அதில் எது எவ்வளவு என்று சொல்லாது. குடியாத்தம் பக்கத்து 1,400ம் வாணியம்பாடி பக்கத்து 1,400ம் ஒன்றில்லை. பச்சைத் தோலைக் கெடாமல் வைக்க உப்புப் போடுவார்கள், தோல் ஷாப்பில் அதைக் கழுவிய தண்ணீர் வருஷக்கணக்கில் நிலத்தில் இறங்கியிருக்கிறது, அந்த இடத்தில் எண்ணின் பெரும்பங்கு சாப்பாட்டு உப்பு. பாறை நடுவே இருந்து வருகிற போர் தண்ணீரில் கால்சியம், மெக்னீசியம், பைகார்பனேட் தூக்கல். கொதிக்கவைத்தால் அந்தப் பாறைத் தண்ணீரில் இருப்பதில் ஒரு பங்கு சுண்ணாம்பாகப் படிந்து தண்ணீர் இளகும், உப்பு அப்படியே நிற்கும், ஆவி போகப் போக இன்னும் ஏறும். ராணிப்பேட்டையில் குரோமியக் கழிவு கொட்டிய இடத்தைச் சுற்றியுள்ள நிலத்தடி நீரைக் காய்ச்சவும் வேண்டாம் குளிக்கவும் வேண்டாம், அது வேறு வழக்கு.

உங்கள் பேல் ஏலுக்கு எதிரி பைகார்பனேட். மால்ட் ஊறும்போது பிஎச் 5.2க்கும் 5.6க்கும் நடுவில் நின்றால் நொதிகள் ஒழுங்காக வேலை செய்யும். பைகார்பனேட் அதை மேலே இழுத்துக்கொண்டு போகும். கறுப்பு மால்ட் போடுகிற ஸ்டவுட்டில் மால்ட்டின் புளிப்பே அதை அடக்கிவிடும், வெளுத்த மால்ட்டுக்கு அந்தத் தெம்பு கிடையாது. பிஎச் ஏறினால் சர்க்கரை குறையும், உமித் துவர்ப்பு இறங்கும், ஹாப்ஸ் கசப்பு நாக்கில் சுரண்டும். ஹாப்ஸ் அதிகமாகிவிட்டது என்று நினைத்து அடுத்த தடவை ஹாப்ஸைக் குறைப்பார்கள், கசப்பு அப்படியேதான் சுரண்டும்.

சுலபமான வழி, ஆர்ஓ தண்ணீரில் ஆரம்பித்து வேண்டியதைச் சேர்ப்பது. 30 லிட்டருக்கு ஜிப்சம் 6 கிராம், கால்சியம் குளோரைடு 2 கிராம். லிட்டருக்குக் கால்சியம் 65 மில்லிகிராம், சல்ஃபேட் 110, குளோரைடு 30 போல வரும். சல்ஃபேட் தூக்கலாக இருந்தால் கசப்பு சுத்தமாக, சட்டென்று முடியும், பேல் ஏலுக்கு அதுதான் வேண்டும். ஜிப்சம் என்றதும் நம் ஊர் ஆட்கள் வேர்க்கடலைக்கு மண் அணைக்கும்போது போடுகிற மூட்டையை நினைப்பார்கள். பொருள் ஒன்றுதான், தரம் வேறு, உணவுத் தரம் என்று எழுதியதை மட்டும் வாங்குங்கள்.

குழாய்த் தண்ணீரே என்றால் குளோரினைக் கவனியுங்கள். நம் காவிரிக் கூட்டுக் குடிநீர் மாதிரி குளோரின் போட்டு வருகிற எந்தத் தண்ணீரிலும், அது மால்ட்டோடு சேர்ந்து ஆஸ்பத்திரி வாசனை ஒன்று கொடுக்கும், எத்தனை மாதம் வைத்தாலும் போகாது. குளோரினை முறிக்கிற கேம்ப்டன் மாத்திரை ஒன்று 70, 80 லிட்டருக்குத் தாங்கும், உங்களுக்கு அரை மாத்திரை போதும், அதைப் பொடித்துக் கலக்கிவிட்டால் அந்தத் தொல்லை இல்லை.

கணியம்பாடி எழுதியது:

பீர் காய்ச்சுவதற்கு இவ்வளவு பார்க்கிறீர்கள், இதே தண்ணீரைத்தானே நாங்கள் தினமும் குடிக்கிறோம்.

ராணிப்பேட்டை ரசாயனம் எழுதியது:

அதைத்தான் நானும் பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன் அண்ணா.

ஆரணி அக்கா எழுதியது:

நடுவில் வருவதற்கு மன்னிக்கணும், எனக்கு பீர் தெரியாது, கேவுரு (கேழ்வரகு) மால்ட் செய்து விற்கிறேன். மேலே அந்தத் தம்பி நொதி, மாவு வெட்டுவது என்று எழுதியதைப் படித்தபோது இது எங்கள் வேலைதானே என்று தோன்றியது. கேவுரை ராத்திரி முழுக்க ஊறவைத்து, வடித்து, துணியில் கட்டி முளைவிட்டு, வெயிலில் காயவைத்து, முளையை உதிர்த்து அரைப்போம். கெட்டியாகக் களி கிண்டி, ஆவி அடங்கினதும் இந்த மாவை ஒரு ஸ்பூன் போட்டுக் கிளறினால் கொஞ்ச நேரத்தில் கரண்டி நிற்காமல் தண்ணியாக இளகிவிடும், தித்திப்பும் ஏறும். குழந்தைக்குக் கஞ்சி ஊட்டுகிறவர்களுக்கு இது தெரியும். கடையில் வருகிற மால்ட் நன்றாக வறுத்தது, வாசனை இருக்கும், களியை இளக்காது. மாடியில் வாளி வைக்க முடியாத தம்பி அடுப்படியில் இதைச் செய்து பார்க்கலாமே.

மாதனூர்க்காரன் எழுதியது:

அக்கா, பெரிய ஆள் நீங்கள். வறுத்தால் நொதி செத்துவிடும், அவ்வளவுதான் காரணம். கிரிஸ்டல் மால்ட்டும் அப்படித்தான், நிறமும் தித்திப்பும் கொடுக்கும், மாவை வெட்டுகிற வேலை முழுக்கப் பேல் மால்ட் தலையில். மணல் தம்பி, இரண்டு கிண்ணத்தில் செய்யுங்கள், ஒன்றில் அக்கா முறை மாவு, இன்னொன்றில் கடை மால்ட். தெர்மாமீட்டர் வைத்து 65 டிகிரி பிடித்து வையுங்கள், ஒரு மணி நேரம் கழித்துத் துணியில் வடிகட்டி வெள்ளைத் தட்டில் ஒரு சொட்டு விட்டு மேலே மருந்துக்கடை அயோடின் ஒரு துளி. கருநீலம் வந்தால் மாவு மிச்சம் இருக்கிறது. பார்லி ஊறலுக்கும் இதே சோதனைதான். வடிகட்டாமல் விடாதீர்கள், தோல் துணுக்கு விழுந்தாலும் கறுக்கும்.

கணியம்பாடி எழுதியது:

வக்கீல் சார், கூழுக்கும் கேஸ் உண்டா?

சத்துவாச்சாரி வக்கீல் எழுதியது:

அதைக் குடித்துவிட்டுத்தான் தினமும் கோர்ட்டுக்கு வருகிறேன். ஈஸ்ட் பாக்கெட்டை மட்டும் ஊரில் பிரிக்காமல் இருங்கள்.

பாலாற்று மணல் எழுதியது:

செய்து பார்த்தேன். அக்கா சொன்ன மாதிரியே முளைகட்டிக் காயவைத்த மாவு போட்ட கிண்ணம் மோர் பதத்துக்கு வந்துவிட்டது, அயோடின் அப்படியே பழுப்பாகத்தான் நின்றது. கடை மால்ட் கிண்ணம் களியாகவே கிடந்தது, துளி விழுந்ததும் மை. அம்மாவுக்கு என்னவோ மருந்து செய்கிறேன் என்று நினைப்பு. இப்போதுதான் ஊறவைக்கிறது என்றால் என்ன என்று கைக்குப் புரிந்தது, டப்பாப் பாகில் இது தெரியவே வராது.

அண்ணா, ஈஸ்ட்டும் சூடும் என்றீர்கள், அதையும் எழுதிவிடுங்கள். அங்கே ஆகஸ்டில் என் கராஜ் 30ஐத் தாண்டும்.

மாதனூர்க்காரன் எழுதியது:

30இல் வைத்தால் நகல் கிடையாது, பழ எசன்ஸும் தலைவலியும்தான் கிடைக்கும். யுஎஸ்-05, ஒயீஸ்ட் 1056, ஒயிட் லேப்ஸ் 001, மூன்றையும் சிகோ ஈஸ்ட் என்றே சொல்கிறோம், குணமும் கிட்டத்தட்ட ஒன்றுதான்: சரியான சூட்டில் வைத்தால் தன் வாசனையைக் காட்டாமல் ஒதுங்கிக்கொள்ளும். அந்த சுத்தம்தான் சியரா நெவாடா. 18இல் ஆரம்பித்து, முதல் சில நாள் 20க்கு மேல் விடாதீர்கள். அறையின் சூட்டைப் பார்க்காமல் பீரின் சூட்டைப் பாருங்கள், நொதிக்கிற வேகத்தில் அது அறையைவிட இரண்டு மூன்று டிகிரி ஏறியே நிற்கும். பழைய ஃபிரிட்ஜும் கன்ட்ரோலரும் கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் டப்பில் தண்ணீர் நிரப்பி, வாளியை இறக்கி, ஈரச் சாக்கைச் சுற்றி ஃபேன் போடுங்கள், காற்று காய்ந்திருக்கிற ஊரில் அது நன்றாகவே இறக்கும்.

ஈஸ்ட் போடும் முன் கொதித்த வோர்ட்டை, அதாவது ஈஸ்ட் சேராத மால்ட் சாற்றை, சீக்கிரம் ஆறவைக்க வேண்டும். அங்கே ஆகஸ்டில் குழாய்த் தண்ணீரே வெதுவெதுப்பாகத்தான் வரும், அதை ஓடவிட்டு ஆறவைக்கிற செப்புச் சுருளால் 25க்குக் கீழே இறங்காது, மிச்சத்துக்கு ஐஸ் தண்ணீரைப் பம்ப்பில் சுற்றவிடுங்கள்.

ஹாப்ஸ். கேஸ்கேட் 1972இல் ஓரெகானில் வெளிவந்த ரகம், இங்கிலாந்து ஃபகிள் அதன் வம்சத்தில் இருக்கிறது. வாங்கும்போது அறுவடை ஆண்டைப் பாருங்கள், காற்று புகாத பையா என்று பாருங்கள், திறந்ததும் பாலாடை வாசனை வந்தால் அது போய்விட்டது. கடைசியில் போடுகிற 68 கிராமும் புதுசாக இல்லையென்றால் மேலே எழுதியது எல்லாம் வீண். கசப்புக்குப் போடுகிற மேக்னம் கொஞ்சம் பழசானாலும் பரவாயில்லை.

பாட்டிலில் அடைக்கும் முன் அடர்த்தி மூன்று நாள் ஒரே எண்ணில் நிற்கிறதா என்று பார்த்துவிடுங்கள், இறங்கிக்கொண்டே இருக்கும்போது அடைத்தால் பாட்டில் வெடிக்கும், கண்ணாடி கண்ணுக்குப் போகும், இதில் விளையாட்டு வேண்டாம். 20 லிட்டருக்குச் சாதாரணச் சர்க்கரை 125 கிராம், கொதிக்கவைத்துக் கரைத்து, ஆறினதும் சேர்க்கணும். சியரா நெவாடாவும் பாட்டிலுக்குள்ளேயே ஈஸ்ட்டை வைத்துத்தான் நுரை கட்டவைக்கிறார்கள், அடியில் மெல்லிய படிவு தெரியும், அதனால் உங்கள் பாட்டிலில் படிவு வந்தால் கவலை வேண்டாம்.

கணியம்பாடி எழுதியது:

கேட்கிறேன் என்று கோபிக்காதீர்கள். அங்கே கடையில் ஆறு பாட்டில் அட்டைப்பெட்டியோடு கிடைக்கிற சாமான் இது. அதையே எதற்குத் திரும்பச் செய்ய வேண்டும்? புதுசாக ஒன்று செய்யலாமே.

மாதனூர்க்காரன் எழுதியது:

கடையில் கிடைப்பதால்தான் அண்ணா. நீங்களே யோசித்த பீர் எப்படி வந்தாலும் நான் நினைத்தது இதுதான் என்று சொல்லிவிடலாம், யார் கேட்பது? இதில் பக்கத்தில் அசலை ஊற்றி வைத்துவிட்டால் தப்பிக்க வழி இல்லை. மூன்று கிளாஸ் எடுங்கள், இரண்டில் ஒரே பீர், ஒன்றில் மற்றது, எது எதில் என்று தெரியாத ஆளிடம் கொடுத்து, வேறாக இருப்பது எது என்று மட்டும் கேளுங்கள். எது நன்றாக இருக்கிறது என்று கேட்கக் கூடாது, கேட்டால் உங்கள் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்வார்கள். அசல் பாட்டிலில் தேதியையும் பார்த்து வாங்குங்கள், மாதக்கணக்கில் வெயிலில் கிடந்த அசலைவிட உங்கள் நகல் அசலாக இருக்கும்.

பாலாற்று மணல் எழுதியது:

மூன்று கிளாஸ் யோசனை பிடித்திருக்கிறது, பக்கத்து வீட்டில் நாக்கு நல்ல ஒரு தெலுங்கு நண்பர் இருக்கிறார். வித்தியாசம் தெரிந்துவிட்டது என்றால் அடுத்த தடவை எதை மாற்றுவது? கிரிஸ்டல் மால்ட்டை 40க்கு மாற்றலாமா?

மாதனூர்க்காரன் எழுதியது:

தானியத்தைத் தொடாதீர்கள். ஒரு தடவைக்கு ஒன்று மட்டும், கசப்பு சுரண்டினால் தண்ணீர், பழ வாசனை வந்தால் சூடு, வாசனையே இல்லையென்றால் ஹாப்ஸ் பை. மால்ட்டுக்கு வருவது கடைசியில்.

ராணிப்பேட்டை ரசாயனம் எழுதியது:

போனதும் உங்கள் ஊர்த் தண்ணீர் கம்பெனியின் வருடாந்தர அறிக்கையை எடுத்து இங்கே போடுங்கள். அதில் இல்லாததைக் கேட்டு வாங்குங்கள். கால்சியம், சோடியம், பைகார்பனேட், சல்ஃபேட், குளோரைடு ஐந்தும் வேண்டும். டிடிஎஸ் மட்டும் போட்டால் பதில் சொல்ல மாட்டேன்.